ஒப்பந்தம் கையில், எண்ணிக்கை தெருவில்: கேப் டவுன் டவுன்ஷிப்களில் இளைஞர்கள் சமூகத் தணிக்கை நடத்தும் முறை

“கழிப்பறை நாறுகிறது” என்று நகராட்சியில் போய்ச் சொன்னால், “கவனிக்கிறோம்” என்று பதில் வரும். “உங்கள் ஒப்பந்தம் வாரத்துக்கு மூன்று முறை கழிவை உறிஞ்சி எடுக்கச் சொல்கிறது. நாங்கள் பார்த்த 112 கழிப்பறைகளில் 71க்குக் கடந்த ஏழு நாளில் லாரியே வரவில்லை. பில் மட்டும் மூன்று முறைக்கும் போயிருக்கிறது” என்று சொன்னால், அதே அதிகாரி கோப்பைத் தேட எழுந்து போவார். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். முதல் பேச்சை இரண்டாவது பேச்சாக மாற்றும் வேலைக்குப் பெயர் சமூகத் தணிக்கை. அதைப் படிப்படியாக எப்படிச் செய்கிறார்கள் என்பதே இந்தக் குறிப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதம் வரை உயர்ந்தது. கேப் டவுன் நகரத்தின் ஓரத்தில் மணல்மேட்டில் கயெலிட்சா என்ற டவுன்ஷிப்பை, அதாவது கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் குடியிருப்பை, 1983இல் அறிவித்து உருவாக்கியது நிறவெறி அரசு. 1994இல் ஓட்டு வந்தது, 1996இல் அரசியல் சாசனம் வந்தது, ஆனால் ஊரின் வரைபடம் அப்படியே இருந்தது. தகரக் குடிசைப் பகுதிகளை நகராட்சி “தற்காலிகக் குடியிருப்பு” என்று எழுதி வைத்திருக்கும். இருபது, முப்பது வருடம் ஆனாலும் தற்காலிகம்தான். அதனால் அங்கே பாதாளச் சாக்கடை போடாமல், வாடகைக்கு ரசாயனக் கழிப்பறை (கழிவு தொட்டியில் சேரும் பிளாஸ்டிக் பெட்டி) வைத்து ஆண்டுதோறும் கான்ட்ராக்டருக்குப் பணம் போகிறது. பழைய அநீதி இன்று எந்த வழியாக நடக்கிறது என்று கேட்டால், அந்த ஒப்பந்தக் காகிதத்தைத்தான் காட்ட வேண்டும்.

2008இல் கயெலிட்சாவில் தொடங்கிய ‘சோஷியல் ஜஸ்டிஸ் கோயலிஷன்’ அமைப்பு 2013 ஏப்ரலில் அந்த வாடகைக் கழிப்பறைகளைத் தணிக்கை செய்தது. பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தன. பத்திரமாகத் தரையோடு பொருத்தப்பட்டிருந்தது ஒன்றுகூட இல்லை. முறையை அவர்கள் கற்றுக்கொண்டது நம் நாட்டிலிருந்து. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு 1994இல் தொடங்கிய ‘ஜன் சுன்வாய்’ (பொது விசாரணை) முறைதான் மூலம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு கிராம சபையில் நடக்கும் சமூகத் தணிக்கைக்கும் அதே வேர்தான். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: இங்கே அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, அங்கே இளைஞர்கள் தாங்களே கிளம்பிச் செய்கிறார்கள்.

எதைத் தணிக்கை செய்வது

கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது, ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்குவது, நடந்து சுற்றி வரக்கூடிய பரப்பில் இருப்பது. இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசாயனக் கழிப்பறை, பொதுக் குழாய், குப்பை அள்ளுதல், பொதுக் கழிப்பறைத் துப்புரவாளர் பணி, பள்ளிக் கழிப்பறை எல்லாம் பொருந்தும். வீட்டுமனைப் பட்டியல், வேலையின்மை, காவல்துறை ஆகியவை பொருந்தா. அவை சிறிய பிரச்சினைகள் என்று அர்த்தமில்லை. அவற்றை எண்ண ஒரு ஒப்பந்த வரி கிடைக்காது. புதிய குழுக்கள் பெரும்பாலும் இங்கேயே தடுக்கி விழுகின்றன. கூட்டத்தில் எல்லோரும் சொன்ன எல்லாக் குறையையும் ஒரே தணிக்கையில் அடைக்கப் பார்த்தால், கடைசியில் எதற்கும் ஆதாரம் இருக்காது.

காகிதம் வாங்குதல்

களப்பணிக்கு ஒரு வாரம் போதும். காகிதத்துக்கு நாலைந்து மாதம் ஆகும். தேதி குறிப்பதற்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதை எடுங்கள். நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் (2003) 75ஆம் பிரிவுப்படி வரவுசெலவுத் திட்டம், சேவை ஒப்பந்தங்கள், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்கள் ஆகியவற்றை நகராட்சி தன் இணையதளத்தில் போட வேண்டும். எல்லா நகராட்சியும் போடுவதில்லை. போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அதுவே ஒரு கண்டறிதல் ஆகும். டெண்டர் திறந்திருக்கும் காலத்தில் அதன் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வேலைக்கான விவரக்குறிப்பு அதில் முழுதாக இருக்கும். மூடிய பிறகு அதே காகிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

மீதிக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம். அங்கே அதைச் சுருக்கி ‘பாயா’ என்கிறார்கள். உச்சரிப்பில் நம் ஆட்டுக்கால் பாயாதான். படிவம் 2ஐ நிரப்பி நகராட்சியின் தகவல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் 100 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). கட்டணங்களைப் பொறுத்தவரை குறைந்த வருமானக்காரர்களுக்கு விலக்கு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். ஒரு முறை மட்டும் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் 60 நாளுக்குள் உள்மேல்முறையீடு, அதாவது நகராட்சியிடமே செய்யும் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார்.

எழுதும் விதம் முக்கியம். “கழிப்பறை தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால் “மிகப் பரந்த கோரிக்கை” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிசையாகக் கேளுங்கள்: டெண்டர் எண், கையெழுத்தான ஒப்பந்தம், அளவுப் பட்டியல் (எந்த வேலை எத்தனை, என்ன விலை என்று சொல்வது), குடியிருப்பு வாரியாகக் கழிப்பறை எண்ணிக்கை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரையிலான பில்கள், அந்தப் பில்களோடு இணைத்த, மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட வேலைத்தாள்கள். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும், பில் என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று காட்டும். ஆனால் “நான் பார்த்தேன், நடந்தது” என்று நகராட்சி ஊழியர் கையெழுத்திட்டிருப்பது வேலைத்தாளில்தான்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் உரிமை மாறாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. “கான்ட்ராக்டரின் வணிக ரகசியம்” என்ற மறுப்பு அடிக்கடி வரும். ரகசியமான பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர 28ஆம் பிரிவில் வழியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படித்தல்

முந்நூறு பக்கம் இருக்கும். அதில் உங்களுக்குத் தேவை பதினைந்து பக்கம்: வேலை விவரக்குறிப்பு, அளவுப் பட்டியல், அபராத விதி. ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாவால் கோடிடுங்கள். எத்தனை என்று சொல்லும் வரிக்கு ஒரு நிறம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொல்லும் வரிக்கு இன்னொன்று, யார் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் வரிக்கு மூன்றாவது. “தரமாக”, “உரிய முறையில்” போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். அவற்றை அளக்க முடியாது.

அடுத்து பணக் கணக்கு. பயிற்சிக்கு ஒரு கற்பனைக் கணக்கு: 180 கழிப்பறை, வாரத்துக்கு மூன்று முறை கழிவெடுப்பு, ஒரு முறைக்கு 60 ராண்ட். ஆண்டுக்கு 180 × 3 × 52, அதாவது 28,080 முறை. தொகை 16,84,800 ராண்ட். வாரத்துக்கு ஒரு முறைதான் லாரி வந்தது என்று களத்தில் தெரிந்தால், செய்யாத வேலைக்குப் போன பணம் 11,23,200 ராண்ட். இந்தக் கணக்கைப் பயிற்சி நாளிலேயே ஒவ்வொருவரும் கையால் போட வேண்டும். பள்ளியை முடித்து வேலை கிடைக்காமல் வீட்டிலிருக்கும் ஒரு பெண் இந்தப் பெருக்கலைத் தானே போட்டு விடை கண்ட பிறகு, களத்தில் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஒப்பந்தம் கிடைக்கவே இல்லை என்றால்? சட்டத்தையே அளவுகோலாக வைக்கலாம். பொதுக் குழாய்க்கு இது மிக நன்றாக வேலை செய்யும். 1997ஆம் ஆண்டின் நீர்ச் சேவைகள் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விதிகள் குறைந்தபட்ச அளவை எண்களில் சொல்கின்றன: ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் அல்லது குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாத வேகம், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் குழாய், ஆண்டில் முழுதாக ஏழு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. 10 லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்று, கைபேசியில் நிறுத்தக் கடிகாரம், 50 மீட்டர் நாடா ஒன்று இருந்தால் போதும். குழாயை முழுதாகத் திறந்து, வாளி 60 விநாடிக்குள் 10 லிட்டர் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கும் பகல் பதினொன்றுக்கும் அளவு மாறும். நேரம் எழுதாத அளவுக்கு மதிப்பில்லை. தூரத்தை நடக்கும் பாதை வழியாக அளக்க வேண்டும். கைபேசி வரைபடம் காட்டுவது காக்கை பறக்கும் தூரம். நடுவே ஓடை இருந்தால் 90 மீட்டர் 240 ஆகிவிடும்.

பள்ளிகளுக்கும் இப்படி ஓர் அளவுகோல் உண்டு. ‘ஈக்வல் எஜுகேஷன்’ அமைப்பில் ‘ஈக்வலைசர்’ என்று அழைக்கப்படும் பள்ளி மாணவர்கள் பல ஆண்டுகள் போராடி, 2013 நவம்பர் 29 அன்று பள்ளிக் கட்டமைப்பு விதிகளை அரசு வெளியிட வைத்தார்கள். சாதாரணக் குழிக் கழிப்பறையும் வாளிக் கழிப்பறையும் கூடாது, வகுப்புக்கு 40 பேருக்கு மேல் கூடாது என்பவை அதில் உண்டு. 2014 ஜனவரியில் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக் குழிக் கழிப்பறையில் விழுந்து இறந்தான். விதி காகிதத்தில் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

படிவம்

இரண்டு படிவம் வேண்டும். ஒன்று பொருளைப் பார்த்து நிரப்புவது. இன்னொன்று குடியிருப்பவரிடம் கேட்டு நிரப்புவது. ஒவ்வொன்றும் ஒரே பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒப்பந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே உதிர்ந்துவிடும், நல்லதுதான்.

“ஒழுங்காகச் சுத்தம் செய்கிறார்களா?” என்று கேட்காதீர்கள். “கடந்த ஏழு நாளில் யாராவது சுத்தம் செய்வதை எத்தனை முறை பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நினைவு நம்பத்தக்கதல்ல. ‘பார்க்கவில்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் கெட்டுப்போன தணிக்கை ஏராளம்.

மொழியில் ஒரு கண்ணி உண்டு. ஒப்பந்தத்தில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல் கழுவுவதையும் குறிக்கும், கழிவை உறிஞ்சுவதையும் குறிக்கும். அங்குள்ளவர்கள் பேசும் கோசா மொழியில் கேட்கும்போது இரண்டையும் பிரித்துத்தான் கேட்க வேண்டும். படிவத்தை மொழிபெயர்த்ததும் அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பிசகு உடனே தெரியும். பிறகு, தணிக்கை செய்யப்போகாத பக்கத்துத் தெருவில் பத்துப் பேரிடம் சோதனை. சோதனை செய்யாமல் 500 படி எடுத்தால் 500 படியும் வீண்.

தெருவில்

ஆறு பேர் கொண்ட குழு சரியாக இருக்கும்: கேட்பவர், எழுதுபவர், படம் எடுப்பவர், அளப்பவர், அந்தச் சந்துபொந்து தெரிந்த உள்ளூர்க்காரர், ஒரு தலைவர். ஒரு கழிப்பறைக்கு ஆறேழு நிமிடம், ஒரு நேர்காணலுக்குக் கால் மணி. காலையில் பார்வை, மாலையில் நேர்காணல் என்று பிரித்துக்கொண்டால், வேலைக்குப் போனவர்களும் கிடைப்பார்கள். பகலில் மட்டும் கதவு தட்டினால் வயதானவர்களும் பிள்ளைத்தாய்களும் மட்டுமே பேசியதாக முடியும். ஆனால் இருட்டிய பிறகு குழுக்கள் வெளியே இருக்கக் கூடாது. சனிக்கிழமை ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்ல வழி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேப் டவுனில் மழைக்காலம். தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நிற்கும், காகிதம் நனையும். ஆனால் நிலைமை மோசமாக இருப்பதும் அப்போதுதான். அதனால் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று செய்தால் கான்ட்ராக்டர் வானத்தின் மேல் பழி போட முடியாது.

ஒவ்வொரு கழிப்பறைக்கும் சுண்ணக்கட்டியால் எண். முதல் படம் எண் தெரியும்படி, இரண்டாவது பக்கத்து வீடுகள் தெரியும்படி, மூன்றாவது உள்ளே. கைபேசியில் இடக் குறியீட்டை (ஜிபிஎஸ்) இயக்கி வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டிகள் காற்றில் சாயும், இடம் மாறும். அதனால் கான்ட்ராக்டர் ஒட்டிய எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் ‘பூட்டியிருந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம்.

எல்லைச் சிக்கல் எப்போதும் வரும். நகராட்சிப் பட்டியலில் ஒரு பகுதிக்கு ஒரு பெயர் இருக்கும், மக்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். முதல் நாளே வான்வழிப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, மூத்தவர்களை உட்கார வைத்து எல்லை போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் “காணாமல் போன” கழிப்பறைகள் பக்கத்துப் பகுதியில் பத்திரமாக இருக்கும், பொது விசாரணையில் நீங்கள் தலைகுனிய வேண்டியிருக்கும்.

துப்புரவுத் தொழிலாளரிடம் பேசாமல் திரும்பாதீர்கள். அவரும் அதே குடிசைப் பகுதிக்காரர். ஒரு நாளைக்கு எத்தனை கழிப்பறை, கையுறை தந்தார்களா, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார், சம்பளம் குறித்த நாளில் வருகிறதா என்று கேளுங்கள். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்வது இங்கேதான் வெளியே வரும். அவர் பெயரை எழுத வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். அவர் வேலை போனால் தணிக்கைக்கு அந்தத் தெருவில் இனி கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. குடியிருப்பவர்களின் அடையாள அட்டை எண்ணையும் வாங்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மறுபடி தொடர்புகொள்ளச் சம்மதித்தவரின் கைபேசி எண் மட்டும் தனித்தாளில் இருக்கட்டும்.

வெளியாட்கள் சிலரை உடன் அழைத்துச் செல்லுங்கள்: தேவாலயத்தார், பல்கலைக்கழக மாணவர், செய்தியாளர், முடிந்தால் நகராட்சி அதிகாரி ஒருவர். அதிகாரிக்கு நாளைச் சொல்லுங்கள், தெருவைச் சொல்லாதீர்கள். தெருவைச் சொன்னால் முந்தின இரவே அங்கே பினாயில் மணக்கும்.

கணக்கு

அன்றன்று மாலையே எண்ணி முடிக்க வேண்டும். கூடத்துச் சுவரில் பெரிய தாள் ஒட்டி, ஒருவர் படிக்க ஒருவர் கோடு போட, எல்லோரும் பார்க்க எண்ணுங்கள். கணினியில் ஏற்றுவது அதற்கப்புறம். எழுதியவர் பக்கத்திலேயே இருப்பதால் புரியாத கையெழுத்தை அப்போதே கேட்டுத் திருத்தலாம். பத்துக்கு ஒரு படிவத்தை எடுத்து மறுநாள் வேறு குழு போய்ச் சரிபார்க்கட்டும்.

சதவீதம் சொல்லும்போது எத்தனையில் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் 120 இருந்து நீங்கள் 97 பார்த்திருந்தால், “பட்டியலில் உள்ள 120இல் 97ஐக் கண்டோம்” என்பதே வாக்கியம். “23 திருடப்பட்டன” என்பது வழக்கு வரவழைக்கும் வாக்கியம். ‘ஊழல்’ என்ற சொல்லை அறிக்கையில் ஓரிடத்தில்கூட எழுதாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒப்பந்த வரி, பில் தொகை, கண்ட எண்ணிக்கை என்று வைத்தால் கேட்பவரே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்வார்.

பொது விசாரணை

முடிவுகளை நகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்புங்கள். பதிலளிக்க வாய்ப்புக் கொடுக்காத விசாரணையை ஒரே வரியில் தள்ளிவிட முடியும். கூடம் தணிக்கை நடந்த பகுதிக்குள்ளேயே இருக்கட்டும். நகர மையத்தில் வைத்தால் வேனுக்குக் காசில்லாதவர்கள் வர மாட்டார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குடியிருப்பவர்களில் எட்டுப் பத்துப் பேர் பேசட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொருவரும் ஒரு கண்டறிதலைத் தன் சொந்த அனுபவத்தால் விளக்க வேண்டும். முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். பிறகு அதிகாரிக்கு இருபது நிமிடம், குறுக்கிடாமல். அவர் கொடுக்கும் வாக்குறுதியைப் பெரிய தாளில், என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, கடைசியில் அவர் முன்னிலையிலேயே உரக்கப் படியுங்கள்.

கட்சிச் சட்டைக்கு உள்ளே இடமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் விசாரணை வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

விசாரணைக்குப் பின் மனு கொடுக்க ஊர்வலமாகப் போவதானால் 1993ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 15 வரை தேவையில்லை. 2013 செப்டம்பரில் இதே கழிப்பறைப் பிரச்சினைக்காக நகர மன்ற வளாகத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் 2018 நவம்பர் 19 அன்று, அறிவிப்புக் கொடுக்காததை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கொடுக்கும் கடமை இன்னும் இருக்கிறது. கொடுத்துவிடுங்கள், போலீஸோடு பேசும் நேரம் மிச்சம்.

பிறகு

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவுத் திட்டம் மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கப்பட்டு, அதன்பின் மக்கள் கருத்துக்கு வரும். உங்கள் அறிக்கை ஏப்ரலில் அங்கே போய்ச் சேர வேண்டும். ஜூலையில் கொடுத்தால் ஒரு வருடம் தள்ளிப் போனதாக அர்த்தம். அதில் கேட்க வேண்டியது இரண்டு: செய்யாத வேலைக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது, வாடகைக் கழிப்பறைக்கு ஒதுக்கும் நடப்புச் செலவில் ஒரு பங்கை நிரந்தரக் குழாய்க்கும் சாக்கடைக்குமான மூலதனச் செலவாக மாற்றுவது. முதலாவதற்கு நீங்கள் ஆதாரம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதற்கு, இந்த வாடகை எத்தனை ஆண்டாகப் போகிறது என்று கூட்டிக் காட்டுங்கள்.

அறிக்கையின் ஒரு படியைத் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பெரிய நிதி முறைகேட்டைக் கண்டால் நடவடிக்கை எடுக்க வைக்கும் அதிகாரம் 2019 ஏப்ரல் முதல் அதற்கு உண்டு.

வாக்குறுதித் தாளில் உள்ள தேதிகளில் போய்ப் பாருங்கள். 90ஆம் நாள் சின்ன மறுதணிக்கை. அதே படிவம், அதே சுண்ணக்கட்டி எண்கள், அதே கேள்வி வரிசை. “இந்த முறை இதையும் சேர்த்துக் கேட்கலாமே” என்று யாராவது சொல்வார்கள். கேட்கலாம், தனித்தாளில். பழைய படிவத்தில் ஒரு கேள்வியின் சொல்லை மாற்றினாலும் முந்தைய எண்ணோடு ஒப்பிட முடியாது. மூலப் படிவங்களைக் குழு எண், தேதி எழுதிய பெட்டியில் கட்டி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் நகலோடு வையுங்கள். குடிசைப் பகுதியில் தீ விபத்து அடிக்கடி நடக்கும்.